முதலில் ஹீற்றரை வாங்கியவன்

யாழ்ப்பாணத்தில் கராஜ் என்றால் பழுதான வாகனம் போகிற இடம். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் கார் ஒரு நாளாவது போனதாக எனக்கு நினைவில்லை. கார் பாவம், வெளியே பனியில் நிற்கும். உள்ளே அரிசி மூட்டைகள், குளிர்காலத்து டயர்கள், மடக்குக் கதிரைகள், விசேஷங்களுக்கு மட்டும் வெளியே வருகிற இரண்டு பெரிய கிடாரங்கள், சமையலறையிலிருந்து ஓய்வுபெற்ற பழைய குளிர்சாதனப் பெட்டி, மீன் பொரிக்க ஒரு காஸ் அடுப்பு. அடுப்பைக் கோடையில் வாசலுக்கு இழுத்துவந்து பொரிப்போம். மீன் மணம் வீட்டுக்குள் வரக்கூடாது; தெருவுக்குப் போனால் பரவாயில்லை.

இந்தச் சாமான்களுக்கு நடுவே 12 அடி அகலம், 20 அடி நீளத்தில் ஒரு தச்சுப் பட்டறையை நான் எப்படிக் கண்டேன் என்று மனைவி இன்றும் கேட்பார். கண்டேன், அவ்வளவுதான். அப்பா ஆசிரியர். தச்சுவேலை அவருக்குப் பின்னேரப் பொழுது. பின்வளவில் பூவரசு நிழலில் நாலு பனங்குற்றி நட்டு, மேலே கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்று வைத்திருந்தார். அதற்குச் சுவரே கிடையாது. மழை சரிந்து அடித்தால் சீவுளியையும் உளிகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவருவார். பட்டறை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கொட்டில்தான். அதை நம்பிக்கொண்டு கனடாவில் பட்டறை போட இறங்கியதுதான் முதற்பிழை.

இரண்டாவது பிழை, நவம்பரில் மலிவுவிலையில் கிடைத்ததென்று புரோப்பேன் ஹீற்றர் ஒன்றை வாங்கியது. சிலிண்டரின் தலையில் பூட்டி, பற்றவைத்தால் சட்டி போன்ற முகம் சிவந்து எரியுமே, அந்த வகை. கட்டடத்துக்குள் பாவிக்கக் கூடாது என்று அதன் உடம்பிலேயே எழுதியிருந்தது. பெரிய கதவை ஓரடி தூக்கிவைத்துவிட்டால் அது ‘உள்ளே’ ஆகாது என்று நான் எனக்குள்ளேயே வழக்காடி, எனக்கே சாதகமாகத் தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

சூடு வந்தது. முன்பக்கம் வெந்தது, முதுகு விறைத்தது. அரை மணித்தியாலத்தில் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. வெளியே ஈரமே இல்லாத வறண்ட குளிர். உள்ளே எங்கிருந்து தண்ணீர் என்று விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து மேசைவாளின் வார்ப்பிரும்புத் தட்டைத் தடவினால் கை செம்மண் நிறமாகியது. அப்பாவின் முக்கால் அங்குல உளி பக்கத்தில் கிடந்தது. 2003இல், யுத்தம் ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த சமாதான காலத்தில், ஊருக்குப் போய்ப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்தது. அதன் முதுகெல்லாம் துரு. யாழ்ப்பாணத்துக் கடற்காற்றிலும் மழையிலும் சாக்குக்குள் பிழைத்த உளி, ஸ்காபரோவில் என்னிடம் இரண்டு நாளில் துருப்பிடித்தது.

காரணம் பள்ளிக்கூட இரசாயனவியல்தான், நான்தான் மறந்திருந்தேன். புரோப்பேன் எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் வரும். 1 கிலோ புரோப்பேன் எரிய ஏறத்தாழ 1.6 கிலோ நீர் உண்டாகும். பாபிகியூ அடுப்புக்குப் பூட்டுகிற சாதாரணச் சிலிண்டரில் 9 கிலோ இருக்கும். அதை எரித்து முடித்தால் 14 லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கராஜுக்குள் ஆவியாக ஊற்றியிருப்போம். காற்று விரைவில் சூடேறிவிடும், இரும்பு ஏறாது. குளிர்ந்துபோய் இருக்கிற இரும்பைத் தேடிப் போய் ஆவி பனியாகப் படியும். புகைபோக்கி இல்லாமல் எரிகிற எந்த ஹீற்றரும் இதைத்தான் செய்யும்.

துருவை உரஞ்சி எடுத்துவிட்டு, எண்ணெய் பூசிவிட்டு, வெட்கமில்லாமல் மறுபடியும் அதே ஹீற்றரைப் பற்றவைத்தேன். தை மாதத்தில் ஒருநாள் இரவு கதவைக் கொஞ்சம் அதிகமாகவே இறக்கிவிட்டேன் போலிருக்கிறது. காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவைக் காட்டிக்கொடுக்க வீட்டுக்குள் இருந்த அலாரம் கத்தியது. ஒன்ராறியோவில் 2014 ஒக்டோபரிலிருந்து, எரிபொருள் அடுப்போ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே இந்த அலாரம் இருந்தே ஆகவேண்டும். சட்டம் வந்தபோது முணுமுணுத்துக்கொண்டு வாங்கிப் பூட்டியது அது. மகளின் அறை கராஜுக்கு நேர் மேலே. அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியிறங்கி வந்து, “அப்பா, நீங்கள் கீழே என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டாள். மறுநாள் அந்த ஹீற்றர் வீட்டை விட்டுப் போனது. மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

என்னைக் காப்பாற்றியது மீன்.

அடுத்த நவம்பரில், வெளியே 2, 3 பாகை என்று நாட்கள் போய்க்கொண்டிருந்த ஒரு கிழமையில், கராஜில் இருந்த குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் உறையவைத்திருந்த விளைமீன் முழுவதும் இளகிப்போனது. பெட்டி பழுதில்லை. இந்த வகைப் பெட்டிகளில் வெப்பத்தை அளக்கிற கருவி கீழ்ப்பகுதியில், மரக்கறி வைக்கிற பக்கத்தில்தான் இருக்கும். சுற்றியுள்ள காற்றே 3 பாகை என்றால், ‘போதுமான குளிர் இருக்கிறதே’ என்று அது நிம்மதியாகத் தூங்கிவிடும். இயந்திரம் ஓடாது. மேல்தட்டு மெல்ல மெல்ல உருகும். குளிரால் மீன் உருகியது என்ற இந்த விளக்கத்தை மனைவி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அப்படியென்றால் கராஜ் எந்நேரமும் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும், அல்லவா?” என்றார். நான் ஆமென்றேன். அவ்வளவு பணிவாக நான் ஆமென்றது கல்யாணத்தன்று ஐயர் கேட்டபோதுதான்.

இந்த முறை கடைக்குப் போகுமுன் கொப்பியை எடுத்தேன். வெப்பம் எவ்வளவு வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எந்த வழியால் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டேன். கணக்கு எளிது. இங்கே கட்டடச் சாமான்கள் இன்னும் அடிக்கணக்கில்தான் விற்கின்றன. வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றலுக்கு ஆர் மதிப்பு என்று ஓர் எண் பொதியிலேயே இருக்கும். பரப்பைச் சதுர அடியில் எடுத்து, உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசத்தைப் பாரன்ஹைட்டில் பெருக்கி, ஆர் மதிப்பால் வகுத்தால், மணிக்கு எத்தனை பி.ரி.யு. (இங்கே வெப்பத்தை அளக்கிற அலகு) ஓடுகிறது என்று வரும். அதை 3.4ஆல் வகுத்தால் வாற்.

வெளியே பூச்சியத்துக்குக் கீழே 15, உள்ளே 15 என்று வைத்தேன். வித்தியாசம் 30 பாகை செல்சியஸ்; பாரன்ஹைட்டில் 54. பெரிய கதவு 9 அடிக்கு 7 அடி, வெறும் தகரம், ஆர் மதிப்பு ஒன்று என்றே வைக்கலாம். அது மட்டும் 1000 வாற் தின்றது. ஒரு பக்கம்தான் முழு வெளிச்சுவர், 180 சதுர அடி. செங்கல்லுக்கும் பலகைக்கும் ஆர் நாலு கொடுத்தால் 700 வாற் சொச்சம். பிறகு காற்று. கராஜுக்குள் 2160 கன அடிக் காற்று உண்டு. கதவைச் சுற்றி ஓட்டையும் ஒடிசலுமாக இருந்த நிலையில் மணிக்கு மூன்று தடவையாவது அது முழுவதாக மாறும் என்று வைத்தால் 1850 வாற். தகரக் கதவும் செங்கல் சுவரும் சேர்ந்து விடுகிற சூட்டை, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் தனியே விட்டுக்கொண்டிருந்தன. போன வருடம் நான் சிலிண்டர் சிலிண்டராக எரித்ததெல்லாம் தெருவைச் சூடாக்கத்தான்.

ஆகவே இடுக்குகளில் தொடங்கினேன். காற்றடிக்கிற நாளாகப் பார்த்து, சாமியறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துப் பற்றவைத்து, கதவின் ஓரமாகவும் சுவரடி நெடுகவும் மெதுவாகக் கொண்டுபோனேன். புகை நேரே ஏறினால் சரி. சரிந்தால் அங்கே வெள்ளைக்கட்டியால் ஒரு புள்ளி. 31 புள்ளிகள். பெரிய கதவின் இரு பக்கமும் மேலும் றப்பர் நாக்கு வைத்த பட்டிகள், அடியில் புதிய றப்பர், சுவரடியில் நுரை, குழாய்கள் நுழைகிற இடங்களில் பசை. செலவு நூறு டொலருக்கு மேல் கொஞ்சம். செய்த வேலைகளில் மலிவானதும் மிகப் பயன்பட்டதும் இதுதான். அலங்காரமே இல்லாத வேலை, ஒருவருக்கும் காட்டிப் பெருமைப்பட முடியாது.

வீட்டுப் பக்கத்துச் சுவரையும் இப்போது கவனமாகப் பார்த்தேன். ஒட்டிய கராஜுக்கும் வீட்டுக்கும் இடையே வாயு புகாத தடுப்பு இருக்க வேண்டும், இடைக்கதவு இறுக்கமாகப் பொருந்தித் தானாகவே சாத்திக்கொள்ள வேண்டும் என்பது கட்டட விதி. எங்கள் கதவின் சுருள்வில்லை யாரோ எப்போதோ கழற்றியிருந்தார்கள். யாரோ என்ன, நான்தான். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகையில் முதுகில் அடிக்கிறதென்று. திரும்பப் பூட்டினேன். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் காற்றுக் குழாயிலிருந்து ஒரு கிளையைக் கராஜுக்கு இழுத்தால் தொல்லை தீருமே என்று பலர் சொல்வார்கள். விதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. குழாயால் சூடு போகிற வழியே புகையும் பெற்றோல் ஆவியும் மகளின் அறைக்கு வரும். புல்வெட்டியையும் பெற்றோல் கலனையும் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றினேன். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பொறியைத் தேடும்.

அடுத்தது சுவரை மூடுவது என்று ஆயத்தமானபோது, மின்வேலை செய்கிற தம்பி ஒருவரிடம் தற்செயலாகச் சொன்னேன். “அண்ணை, சுவரை மூடிவிட்டு வயரை எங்கே விடப் போகிறீர்கள்? தலைக்கு மேலாலா?” என்றார். இரண்டாம் தடவையும் வரிசை தப்பப் பார்த்தது. அவர் வந்து மின்பலகையைத் திறந்து, அடுப்பு, உலர்த்தி, குளிரூட்டி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, மயிரிழையில் இடமிருக்கிறது என்றார். 5000 வாற் ஹீற்றர் 240 வோல்ற்றில் 21 அம்பியர் அளவு இழுக்கும். நீண்டநேரம் ஓடுகிற சுமை என்பதால் பிரேக்கரின் முழு அளவையும் எடுக்கக் கூடாது, ஐந்தில் நாலு பங்குதான். எனவே 30 அம்பியர் பிரேக்கரும் 10ஆம் இலக்கச் செப்புக் கம்பியும். வாளுக்கு ஒரு தனிச் சுற்று, தூசு உறிஞ்சிக்கு வேறொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றாகவே ஓடுவதால் ஒரே சுற்றில் விட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் இருட்டுத்தான். ஒன்ராறியோவில் இந்த வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பரிசோதகர் வந்து பார்த்துப் போகும்வரை சுவர் அம்மணமாக நின்றது. அந்த இரண்டு கிழமையும் மனைவியிடமிருந்து நான் வாங்கிய பார்வைகளுக்கு அறிவித்தல் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு பஞ்சு. இங்கே ‘இரண்டுக்கு நாலு’ என்று விற்கிற மரச்சட்டம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். கனடாவில் என்னை முதலில் ஏமாற்றிய பொருள் அதுதான். மூன்றரை அங்குல ஆழத்துக்கு ஆர் 14 மதிப்புள்ள பாறைக்கம்பளி சரியாகப் பொருந்தும். பாறையை உருக்கி நூலாக்கிச் செய்வது. தீப்பிடிக்காது, சத்தத்தையும் விழுங்கும், பாண் வெட்டுகிற கத்தியால் அறுக்கலாம். அதன் மேல், அறைப் பக்கமாக, தடித்த பொலித்தீன். சூடான பக்கத்தில்தான் வரவேண்டும். இல்லையேல் அறையின் ஈரக்காற்று பஞ்சுக்குள் புகுந்து, குளிர்ந்த வெளிப்பலகையில் தண்ணீராகி, சுவரைச் சத்தமில்லாமல் உக்கவைக்கும். உளியில் கண்டதையே சுவருக்குள் பார்க்க நேரும், ஆனால் பத்து வருடம் கழித்துத்தான் தெரியவரும். பொலித்தீனுக்கு மேல் அரை அங்குல ஒட்டுப்பலகை அடித்தேன். எங்கே வேண்டுமானாலும் ஆணி அடித்துக் கருவி தொங்கவிடலாம். பெரிய கதவின் தகட்டுகளுக்குள் வெட்டி வைக்கிற நுரைப்பலகைப் பொதி போட்டேன். கதவின் பாரம் கூடியதால் மேலேயுள்ள சுருள்வில்லை மறுபடி முறுக்கவேண்டி வந்தது. அந்த வில் ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கு மட்டும் கையை வைக்காமல் ஆள் கூப்பிட்டேன்.

மீண்டும் கணக்குப் பார்த்தேன். கதவு 130 வாற், சுவர் 240, காற்று 600 அளவு, தரையின் ஓரத்தால் இன்னுமொரு 350. எல்லாம் சேர்ந்தும் 1400ஐத் தாண்டவில்லை. ரொட்டி வாட்டுகிற இயந்திரம் ஒன்றின் பசி. ஹீற்றரைக் கடைசியாகத்தான் வாங்கினேன். வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுத்துவருகிற வெப்பப்பம்பியைப் பலர் பரிந்துரைத்தார்கள். கடுங்குளிர் இல்லாத நாளில் ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு சூடு தரும், கோடையில் குளிரும் தரும், மறுப்பதற்கில்லை. ஆனால் கிழமைக்கு பத்து மணித்தியாலம் வேலை செய்கிற ஒருவனுக்கு அந்த ஆயிரக்கணக்கான டொலரை மீட்க ஒரு பிறவி போதாது. கூரையோரம் தொங்குகிற சாதாரண மின் ஹீற்றரே போதும். ஆளில்லாதபோது 7 பாகையில் விட்டுவைக்கிறேன். மரப்பசையும் வர்ணமும் உறையாது, இரும்பு வியர்க்காது. மீன் பெட்டிக்கு அதுவும் போதாது என்று தெரிந்ததும், தனியே உறையவைக்கிற ஒரு சிறு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மாலை ஏழு மணிக்குப் பிறகு மின்கட்டணம் இறங்கும். அப்போது 15க்கு ஏற்றுவேன். முதல் மணித்தியாலம் ஹீற்றர் முழுமூச்சாக ஓடும், பிறகு விட்டுவிட்டுத்தான். ஓர் இரவுக்குப் பத்து அலகு ஆகிறது. வெளியே குடிக்கிற ஒரு கோப்பியின் காசு. சாதாரண மரப்பசைக்கு 10, 13 பாகைக்குக் கீழே வேலைசெய்ய மனமில்லை. குளிரில் ஒட்டினால் காய்ந்த இடம் சுண்ணாம்புபோல் வெளுத்து, கையால் இழுத்தாலே கழன்றுவரும். காற்று மட்டும் சூடாக இருப்பது போதாது, மரமே சூடேற வேண்டும். ஒட்டுவதற்கு முதல்நாளே பலகைகளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைப்பேன். இதைப் பற்றி வீட்டில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

தூசு உறிஞ்சியை வெளியே ஊதவிடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். அது நிமிடத்துக்கு 650 கன அடி இழுக்கும். மூன்றரை நிமிடத்துக்குள் என் கராஜின் சூடு முழுவதும் பக்கத்து வீட்டு வேலிக்குப் போய்விடும். எனவே வடிகட்டியோடு உள்ளேயே சுற்றவிட்டு, முகமூடி போட்டுக்கொள்கிறேன். பளபளப்பு வர்ணம் பூசுகிற நாளில் ஹீற்றரை நிறுத்திவிட்டு, பூசி முடித்து, மணம் போனபிறகே போடுவேன்.

இடம் வகுத்தது பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேலை மேசையான வாங்கையும் வாளையும் தரையில் வெள்ளைக்கட்டியால் வரைந்து, ஒரு மாதம் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்தேன். 8 அடி ஒட்டுப்பலகையை வாளில் தள்ள முன்னால் 8, பின்னால் 8 வேண்டும். 20 அடிக்குள் அது கோடையில் கதவைத் திறந்துவிட்டால்தான் நடக்கும். குளிர்காலத்துக்குக் கடையிலேயே பலகையை அறுத்து வாங்குகிறேன். வாங்கின் உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிகிற இடம். அப்பா அளந்த விதம் அது. ஆனால் அப்பாவின் கொட்டிலில் தரை மட்டம். கனடாக் கராஜின் கொங்கிறீற் தரை, காரில் வருகிற பனி உருகி வெளியே ஓடுவதற்காக வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். எங்களுடையது 20 அடியில் 3 அங்குலம். வாங்கின் நாலு கால்களும் நாலு உயரம். நிற்கிற இடத்தில் மட்டும் நுரைப்பலகையும் ஒட்டுப்பலகையும் போட்டு ஒரு மேடை. அது இல்லாமல் ஹீற்றர் எவ்வளவு எரிந்தாலும் பாதம் கல்தான்.

போன மாசியில் மேப்பிள் மரத்தில் ஓர் இடியப்ப உரல் செய்தேன். அப்பாவின் உளியால்தான் துவாரத்தின் விளிம்பைச் சுத்தம் செய்தேன். துருவை எடுத்த இடத்தில் சிறு குழிகள் இன்னும் இருக்கின்றன, வெட்டுகிற வாயில் மட்டும் இல்லை. மனைவி மீன் எடுக்க வந்தவர் கதிரை ஒன்றை விரித்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் சீவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்த மூலையால் காற்று வருகிறது” என்றார்.

வரும். பெரிய கதவின் இடது மூலையில் கொங்கிறீற் ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கிறது. புது றப்பரும் அங்கே தரையைத் தொடாது. ஊதுபத்திக்காலத்துப் புள்ளிகளில் மிஞ்சியிருப்பது அந்த ஒன்று. இப்போதைக்கு என் பழைய சாரம் ஒன்றைச் சுருட்டி அங்கே அடைத்து வைத்திருக்கிறேன். கோடை வந்ததும் சாந்து பூசி நிரவ வேண்டும்.